வாசல்வரை வந்த வயது

மஹாலட்சுமியின் உண்மையான வயது இந்த உலகத்தில் நான்கு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. ஒருவர் அவளுடைய அப்பா. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டாமவர், அப்பா கெஞ்சிக் கேட்டதற்காக ஜாதகத்தில் நான்கு வருஷத்தைக் குறைத்து எழுதிக் கொடுத்த ஜோசியர். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மூன்றாவது அரசாங்கம். ஆதார் அட்டையில் அச்சடித்துக் கொடுத்ததோடு சரி, தெருத்தெருவாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. நான்காவது அவளே.

ஐந்தாவதாக 'வாசல்வரை' என்ற டெலிவரி கம்பெனி தெரிந்துகொண்டது. அதற்குப் பிறகு எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை.

ஜாதகத்தில் கை வைத்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டாயிரமாவது ஆண்டில் அவளுக்கு இருபத்தைந்து முடிந்திருந்தது. பெண் பார்க்க வந்த மூன்று வீட்டார் காபியைக் குடித்துவிட்டு, பெண் லட்சணமாகத்தான் இருக்கிறாள், வயதுதான் கொஞ்சம் ஏறிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான்காவதாக வந்தவன் ஜெயக்குமார். பிள்ளையார்பாளையத்தில் சொந்தத் தறி, சாந்தமான முகம், வயது இருபத்து மூன்று. அப்பா இரண்டாவது யோசனைக்கு இடம் கொடுக்காமல் பெண்ணுக்கு இருபத்தொன்று என்றார். கல்யாணம் நடந்துவிட்டது.

அன்றிலிருந்து மஹாலட்சுமி பட்ட பாட்டை ஒரு கலெக்டர் பட்டிருந்தால் அவருக்குப் பதக்கம் கொடுத்திருப்பார்கள். வாக்காளர் சீட்டு வந்தால் முதல் ஆளாக வாசலில் நின்று வாங்குவாள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் வயது கேட்டபோது, வலியின் நடுவிலும், புருஷனை வெந்நீர் வாங்கிவர அனுப்பிவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். ஆதார் அட்டை அரிசி டிரம்முக்கு அடியில், இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் கிடந்தது. ஜெயக்குமாரோ வெளியாட்களிடம், "அவ சின்னப் பொண்ணு, அவளுக்கு இன்னா தெரியும்" என்று செல்லமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். எதிர்வீட்டில் இருந்த அவனுடைய அக்கா தில்லையம்மாள் ஒவ்வொரு பொங்கலுக்கும் மஹாலட்சுமியைத் தன் காலில் விழவைத்து, எழுந்திருக்க விடாமல் புத்திமதி சொல்லுவாள். "நான் உன்னவிட மூணு வயசு பெரியவ. சொன்னா கேட்டுக்கோ." உண்மையில் தில்லையம்மாள் ஒரு வயது சின்னவள். மஹாலட்சுமி தரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொள்வாள்.

சொல்லிவிடலாம் என்றுதான் இருபத்தைந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். நல்லவனிடம் பொய் சொல்லி வாழ்வது அவளுக்கு உறுத்தத்தான் செய்தது. நாளை சொல்லலாம், பொங்கல் கழித்துச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள்.

கல்யாணத்தின் இருபத்தைந்தாவது வருஷ நிறைவுக்கு அவனுக்குத் தெரியாமல் ஒரு பரிசு வாங்க நினைத்தாள். தறியில் அவன் நூல் வெட்டும் சின்னக் கத்தரியின் வில் தளர்ந்துபோய், நூலைச் சுற்றிக் கட்டி வைத்துக்கொண்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தான். மஹாலட்சுமிக்கும் தொழில் உண்டு. புடவையில் வர வேண்டிய பூவையும் மயிலையும் கட்டம் போட்ட தாளில் வரைந்து, அதைப் பார்த்து, தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டுப் பெட்டிக்கு அட்டைகளில் துளை குத்துவாள். அந்தத் துளை எப்படிச் சொல்கிறதோ அப்படித்தான் தறியில் பூ விழும். கை வேலையின் அருமை தெரிந்தவள் ஆதலால், நல்ல எஃகில் ஒரு கத்தரியைத் தேடிப் பிடித்து 'வாசல்வரை'யில் ஆர்டர் போட்டாள். கீழே சிவப்பு எழுத்தில், கூர்மையான பொருள், பதினெட்டு வயது நிரம்பியவரிடம் மட்டுமே ஒப்படைக்கப்படும் என்று வந்தது. அதைப் படித்துச் சிரித்தாள். வெகு நாளைக்கு அதுதான் அவள் கடைசியாகச் சிரித்தது.

புதன்கிழமை பதினோரு மணிக்கு டெலிவரி ஆள் அந்தோணி வந்தார். முன்பு லாரி பார்சல் ஆபீசில் இருந்தவர், ஐம்பதைத் தாண்டிய மனிதர், எதற்கும் அதிராதவர். ஒரு கையில் பார்சல், ஒரு கையில் போன்.

"வயசு அட்டை காட்டணும்மா."

"எனக்கா? என்னப் பாத்தா பதினெட்டு ஆவாதவளாட்டம் இருக்குதா?"

"எனக்குக் கண்ணு இருக்குதுமா. கம்பெனிக்குத்தான் இல்ல. அது போன்லதான் பாக்கும்."

"ஆமான்னு ஒரு பட்டன அமுக்கிட்டுப் போயேன்."

"அந்தப் பட்டன வெக்கலியேமா."

உள்ளே ஜெயக்குமாரின் தறி ஓடிக்கொண்டிருந்தது. அவன் எழுந்து வருவதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், அரிசி டிரம்மை நகர்த்தி அட்டையை எடுத்துவந்தாள். பிறந்த தேதியின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நீட்டினாள். போன் ஏற்கவில்லை. விரல் மறைக்கிறது என்றது. விரலை எடுத்தாள். முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம், அட்டையைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு படம். போலீஸ் ஸ்டேஷனில் மட்டுமே எடுக்கிற மாதிரிப் படம் அது.

"முடிஞ்சுதா?"

"குரல் உறுதின்னு ஒண்ணு பாக்கி இருக்குதுமா. உங்க பேரையும் பொறந்த தேதியையும் நான் சத்தமா படிக்கணும். அத அது கேட்டு ஒத்துக்கணும்."

மஹாலட்சுமி அட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "வேணாம்பா. பார்சல எடுத்துக்கினு போயிடு."

"போட்டோ எடுத்தப்புறம் வேணாம்னா, சின்னப் புள்ள கத்தி வாங்கப் பாத்துச்சுன்னு பதிவாயிடும். அப்புறம் குழந்தைங்க நலத்துலருந்து ஆள் வருவாங்க. உங்க அப்பா அம்மாவக் கூட்டியாரச் சொல்லுவாங்க."

அந்தோணி பொய் சொல்கிறவர் இல்லை. பாவம், தாழ்ந்த குரலில்தான் ஆரம்பித்தார். போனில் சிவப்பு விளக்கு எரிந்தது. சுற்றுச் சத்தம் அதிகம், அமைதியான சூழலில் மீண்டும் முயலவும் என்றது. சத்தம் இருக்கத்தானே செய்யும்? அந்தத் தெருவில் நாற்பது தறி. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை டக்கு டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே அந்தோணி விதிமுறைப்படி நடுத்தெருவுக்குப் போய் நின்றார்.

"அண்ணே! அக்கா! ரெண்டு நிமிஷம் தறிய நிறுத்துங்க! இந்தம்மாவோட வயசப் படிக்கணும்!"

அந்தத் தெருவில் ஒரு சாவு விழுந்தால்தான் எல்லாத் தறியும் ஒன்றாக நிற்கும். அன்றைக்கு நின்றது. யார் போய்விட்டார்கள் என்று கேட்டுக்கொண்டே ஜனங்கள் வாசலுக்கு வந்தார்கள். அப்படிக் கிடைத்த மயான அமைதியில் அந்தோணி படித்தார்.

"மஹாலட்சுமி. பொறந்த தேதி பன்னெண்டு, மூணு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தஞ்சு."

தெளிவாக இல்லை, மீண்டும் என்றது போன். மீண்டும் படித்தார். இன்னும் கொஞ்சம் உரக்க என்றது. மூன்றாவது தடவை அவர் போட்ட சத்தத்தில் ஏகாம்பரநாதர் கோயில் கோபுரத்துப் புறாக்கள் பறந்திருக்கும். பிறகு போனுக்குள்ளிருந்து ஒரு பெண் தேன் குரலில் பேசினாள்.

"நன்றி! வாடிக்கையாளரின் வயது ஐம்பது. வாழ்த்துகள்!"

அந்தோணி கடைசி வேலையாக, அடுத்து வரும் டெலிவரி ஆட்களின் சிரமத்தைக் குறைப்பதற்காக, ஒரு பச்சை ஸ்டிக்கரைக் கதவில் ஒட்டினார். 'வயது உறுதி செய்யப்பட்டது: 50' என்று அதில் இருந்தது. மஹாலட்சுமி திரும்பினாள். பின்னால் ஜெயக்குமார், கையில் ஊடு நூல் ஓட்டும் நாடாவோடு, நின்றுகொண்டிருந்தான். ஸ்டிக்கரைப் படித்தான். இன்னொரு முறை படித்தான். உள்ளே போய்த் தறிக்குழியில் இறங்கிக்கொண்டான்.

அவன் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். திட்டவும் இல்லை. மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவன், "குழம்பு இருக்குதுங்களா?" என்று கேட்டான். பெரியவர்களுக்குக் கொடுக்கிற மரியாதை. இருபத்தைந்து வருஷமாக லட்சுமி, வா, போ என்று கூப்பிட்ட வாய் அன்றிலிருந்து வாங்க, போங்க என்றது. பரிசுப் பார்சல் பிரிக்கப்படாமல் ஜன்னல் மேட்டில் கிடந்தது.

சாயந்திரம் எதிர்வீட்டிலிருந்து தில்லையம்மாள் வந்தாள். ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வரவில்லை.

"வாங்க அக்கா," என்றாள், மஹாலட்சுமியை அவளுடைய வீட்டுக்குள்ளேயே வரவேற்று. "இருபத்தஞ்சு பொங்கலா என் கால்ல வுழுந்துக்கினு இருந்தீங்களே, பெரியவங்க வுழலாமா? எவ்ளோ பாவம் என் தலைல ஏறிக்கினு இருந்துதோ! எங்க அப்பாவி தம்பிய இப்டி ஏமாத்திட்டீங்களே அக்கா."

"அண்ணி, நான்..."

"அண்ணியா? நான் சின்னவளாச்சேக்கா. பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

மஹாலட்சுமி சமையல் கட்டில் உட்கார்ந்து அழுதாள். வயது தெரிந்துவிட்டதற்காக அழவில்லை. அவள் சொல்லியிருக்க வேண்டிய உண்மை. என்றைக்காவது ஒரு நாள், அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் வாயால் சொல்லியிருப்பாள். அதை ஒரு போன் பிடுங்கிக்கொண்டுபோய்த் தெருவில் போட்டுவிட்டது. பதினெட்டுக்கு மேலா கீழா என்பதுதானே அதற்குத் தெரிய வேண்டும்? ஐம்பதைக் கொண்டு அதற்கு என்ன ஆகப்போகிறது?

மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் இருந்த 'வாசல்வரை' ஆபீசுக்குப் போனாள். காவலாளி, உள்ளே விடுவதற்கு ஆதாரைப் படம் எடுத்தார். வயது வெளியானது குறித்துப் புகார் என்றதும், கவுண்டரில் இருந்த காயத்ரி என்ற பெண் இன்னொரு படம் எடுத்தாள். ஒரு நிமிஷத்தில் சுவரிலிருந்த பெரிய திரையில், முப்பது பேர் பார்க்க, வரிசை ஓடியது. 'டோக்கன் 14. மஹாலட்சுமி. வயது 50. புகார்: வயது வெளியாகிவிட்டது.'

"இன்னாமா இது?" என்றாள் மஹாலட்சுமி.

"வெளிப்படைத்தன்மை மேடம்," என்றாள் காயத்ரி. அவளுக்கே அது கொஞ்சம் சங்கடமாக இருந்த மாதிரி தெரிந்தது.

உள்ளே தனியுரிமை அதிகாரி இருந்தார். மீசையும் தலையும் ஒரே கறுப்பு, கழுத்து மட்டும் சுருங்கியிருந்தது. மேஜைக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டிகளில் பார்சல் கட்டிக்கொண்டிருந்தார்கள். பொருள் உடையாமலிருக்கக் காகிதத்தைக் கசக்கித் திணித்தார்கள். கசங்கிய காகிதங்களிலிருந்து யார் யாருடைய ஆதார் முகங்களோ ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தன.

"நீங்க பயப்படவே வேண்டாம்மா," என்றார் அதிகாரி. "உங்க தகவல் எங்ககிட்ட எவ்வளவு பத்திரமா இருக்குன்னா, அதைப் பதினோரு இடத்துல காப்பி எடுத்து வெச்சிருக்கோம். ஒரு இடத்துல திருடு போனாலும் பத்து இடத்துல இருக்கும். உங்க வீட்ல இருக்கிற அட்டைக்கு இந்தப் பாதுகாப்பு உண்டா?"

"எனக்குப் பாதுகாப்பு வேணாங்க. அழிச்சிடுங்க. அந்த ஸ்டிக்கரையும் எடுத்துடச் சொல்லுங்க."

"தாராளமா. அது உங்க உரிமை. அழிக்கச் சொல்றது நீங்கதானான்னு உறுதி பண்ண வேற ஒரு அட்டை கொடுங்க. அதையும் பதிஞ்சுக்குவோம். அழிச்சதுக்கு அத்தாட்சியா, எதை அழிச்சோமோ அதோட ஒரு காப்பிய ஏழு வருஷம் வெச்சிருப்போம்."

"அப்ப இந்தக் காகிதமெல்லாம்?" அவள் அட்டைப்பெட்டியைக் காட்டினாள்.

அதிகாரி பெருமூச்சு விட்டார். முதல்முறையாக அவர் முகத்தில் உண்மையான துக்கம் தெரிந்தது. "காகிதம் நறுக்கற மெஷின் வாங்கியாச்சும்மா. எட்டு மாசமா எங்க கொடவுன்லயே கிடக்குது. உள்ளே பிளேடு இருக்கு பாருங்க, கூர்மையான பொருள். வாங்கறவங்களுக்குப் பதினெட்டு நிரம்பியிருக்கணும். வாங்கினது கம்பெனி பேர்ல. கம்பெனி ஆரம்பிச்சு ஆறு வருஷம்தான் ஆவுது. இன்னும் பன்னெண்டு வருஷத்துல டெலிவரி எடுத்துக்குவோம்."

இதை அவர் சிரிக்காமல் சொன்னார். மஹாலட்சுமியும் சிரிக்கவில்லை.

"உங்க பேரு இன்னாங்க? புகார்ல எழுதணும்."

அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்தார். சட்டையில் குத்தியிருந்த பட்டையில் 'அதிகாரி 3' என்று மட்டும் இருந்தது. "அது தனிப்பட்ட தகவல்மா," என்றார், கண்டிப்பாக.

ஆட்டோவில் வரும்போது மஹாலட்சுமியின் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. இந்த அதிகாரியை விடக் கூடாது என்று மட்டும் தோன்றியது. எப்படி என்று தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, அவள் இருபத்தைந்து வருஷம் பொறுமையாக இருந்து பழகியவள்.

அவ்வளவு காலம் தேவைப்படவில்லை. பதினேழாவது நாள், அவர்களுக்கு வேலை கொடுக்கும் பட்டுக்கடை முதலாளி உமாபதி ஓர் ஆர்டரோடு வந்தார். 'வாசல்வரை' கம்பெனி தனியுரிமை வாரம் கொண்டாடுகிறது. நிறைவு விழாவில், நாற்பது வயதுக்குள் சாதித்தவர் என்று ஓர் அதிகாரிக்கு விருது. கல்யாணப் புடவை முந்தியில் பெண் மாப்பிள்ளை பெயரை ஜரிகையில் நெய்வார்களே, அந்த மாதிரி பொன்னாடையில் அவர் பெயரை நெய்து போர்த்த வேண்டும். கூடவே கம்பெனிக் கடிதமும் ஓர் ஆதார் நகலும் இருந்தன.

மஹாலட்சுமி நகலைப் பார்த்தாள். மீசை இல்லை, தலையில் முடியும் அதிகம் இல்லை. ஆனால் அந்தக் கழுத்து அவளுக்கு அடையாளம் தெரிந்தது. ஆனந்தகுமார். பிறந்த தேதி, 4-7-1973.

கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். 'எழுத்துப் பிழை நேராதிருக்க அடையாள அட்டையின் நகல் இணைக்கப்பட்டுள்ளது. நகலில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் விடாமல் நெய்யப்பட வேண்டும். விடுபட்டால் பொன்னாடை ஏற்றுக்கொள்ளப்பட மாட்டாது.'

"அண்ணே," என்றாள், "இதுல இருக்கறது அத்தனையுமா போடணும்? ஒரு தபா கேட்டுடுங்களேன். அப்புறம் வாங்க மாட்டேன்னுட்டா நம்ம பட்டு வீணாயிடும்."

உமாபதிக்கு மூன்று கல்யாண ஆர்டர் தலைக்கு மேல் இருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். அந்தப் பக்கம் அதிகாரி 3 நேரடியாகவே பேசினார்.

"என்னங்க கேள்வி இது? அட்டையில இருக்கிறதை மாத்தறதோ மறைக்கிறதோ எங்க கம்பெனியில வழக்கமே கிடையாது. விரல் வெச்சு மறைச்சாக்கூட நாங்க ஏத்துக்க மாட்டோம். உள்ளது உள்ளபடி போடச் சொல்லுங்க."

"அதையே எழுதிக் குடுத்துடுங்க சார்," என்றார் உமாபதி, வியாபாரி புத்தியில். ஐந்து நிமிஷத்தில் கையெழுத்தோடு அதுவும் வந்துவிட்டது.

மஹாலட்சுமி கட்டத் தாளை விரித்தாள். வாழ்க்கையில் எந்த மயிலையும் அவ்வளவு ஆசையாக அவள் வரைந்ததில்லை. பெயர். அப்பா பெயர். பிறந்த தேதி. கதவு எண், தெரு, பின்கோடு. செல் நம்பர். பன்னிரண்டு இலக்க ஆதார் எண். ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஜாண் உயரம், பந்தலின் கடைசி வரிசையில் இருக்கிறவனுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக. படத்தை மட்டும் விட்டுவிட்டாள். படம் எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. அவளுக்கும் இரக்கம் உண்டு.

இரண்டு நாளில் அட்டைகளைக் குத்தி, கோத்து, பெட்டியில் ஏற்றினாள். ஜெயக்குமார் ஒன்றும் கேட்காமல் நெய்ய உட்கார்ந்தான். மத்தியானத்துக்குள் ஆனந்தகுமார் என்ற பெயர் முடிந்தது. சாயந்திரம் நான்கு, ஏழு என்று எண்கள் எழும்பின. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று முழுதாக வந்ததும் தறி நின்றது.

"இன்னாங்க இது? யாரோட தேதி?"

மஹாலட்சுமி தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பச்சை ஸ்டிக்கர் ஒட்டச் சொன்ன ஆபீசையும், திரையில் ஓடிய தன் பெயரையும், பெயரைச் சொல்ல மறுத்த அதிகாரியையும், நறுக்கும் மெஷினையும் சொன்னாள். கடிதத்தைக் காட்டினாள். அவன் நிதானமாகப் படித்தான். பிறகு கடிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"மூணு பேரு வேணாம்னுட்டுப் போனாங்க. நாலாவதா நீங்க வந்தீங்க. உங்கள வுட மனசு வரல." முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். "அப்புறம் சொன்னா நீங்க எழுந்து போயிடுவீங்களோன்னு பயம். அது இன்னும் போவல."

ஜெயக்குமார் கடிதத்தை மடித்து வைத்தான். ஜரிகை நுனிகள் வெட்டப்படாமல் நீட்டிக்கொண்டிருந்தன. பழைய கத்தரியைத் தேடினான், எடுத்தான், கீழே வைத்தான். எழுந்துபோய் ஜன்னல் மேட்டிலிருந்த பார்சலைப் பிரித்தான். புதுக் கத்தரியை இரண்டு தடவை வெறுமனே அழுத்திப் பார்த்தான். குழியில் இறங்கி உட்கார்ந்து, எழுபத்து மூன்றின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த நூலை ஒரே வெட்டாக வெட்டினான்.

"லட்சுமி," என்றான். "அந்த ஜரிக சுத்தின கண்டிய எடு. செல் நம்பரு பளிச்சுனு தெரியணும்."

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அறுநூறு பேர். பொன்னாடை நெய்தவர்கள் என்று மூன்றாவது வரிசையில் இருவருக்கும் இடம் போட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் டெலிவரி ஆட்களோடு அந்தோணி. மேடையின் நடுவில், வயது சரிபார்ப்பு எப்படி நடக்கிறது என்று ஜனங்களுக்குக் காட்டுவதற்காக, ஒரு போனை ஸ்பீக்கரோடு இணைத்து வைத்திருந்தார்கள்.

ஆனந்தகுமார் பேசினார். "தனியுரிமைன்னா என்ன? நாம உடுத்தியிருக்கிற துணி மாதிரி. அதை யாரும் தொடக்கூடாது. என்னைப் போன்ற இளைஞர்கள்தான் அதைக் காப்பாத்தணும். எனக்கு முப்பத்தெட்டு வயசுதான் ஆவுது, ஆனா மூணு லட்சம் பேரோட பிறந்த தேதி எனக்குத் தெரியும்." கைத்தட்டல் எழுந்தது.

சென்னையிலிருந்து வந்திருந்த கம்பெனித் தலைவர் மடிப்புக் கலையாத பொன்னாடையை உதறிப் போர்த்தினார். இரண்டு கேமராவும் நெருங்கிப் போயின. பின்னாலிருந்த திரையில் ஜரிகை மின்னியது. நிகழ்ச்சி நிரலில், பொன்னாடையில் உள்ள வாசகம் வாசிக்கப்படும் என்று போட்டிருந்தது. காயத்ரி மைக்கைப் பிடித்தாள். முதல் வரியில் புன்னகையோடு ஆரம்பித்தாள். மூன்றாவது வரியில் குரல் ஒரு கணம் நின்றது. நிரல் நிரல்தானே, மேலே படித்தாள். பிறந்த தேதி. கதவு எண். தெரு. செல் நம்பரை இலக்கம் இலக்கமாக, தெளிவாக வாசித்தாள்.

மண்டபத்தில் நாற்பது தறியும் நின்ற மாதிரி அமைதி. அதில் மேடைமேலிருந்த போன், தன் கடமையை உணர்ந்து, ஸ்பீக்கரில் பேசியது.

"நன்றி! வாடிக்கையாளரின் வயது ஐம்பத்திரண்டு. வாழ்த்துகள்!"

தலைவர் விருதுக் கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் பொறித்திருந்த நாற்பதையும் ஆனந்தகுமாரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனந்தகுமார் பொன்னாடையை அவசரமாகச் சுருட்டப் பார்த்தார். நல்ல பட்டு சுலபத்தில் சுருளாது. அப்போது அவருடைய சட்டைப்பையில் செல் அடித்தது. நிறுத்தினார். மறுபடி அடித்தது. பின்வரிசையில் அந்தோணி போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி முப்பது டெலிவரி ஆட்களும் அதே மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மஹாலட்சுமிக்கு மனசு குளிர்ந்தது. பாவம் பார்க்கவேண்டும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். வரவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு ஆனந்தகுமார் காரில் வந்து இறங்கினார். கையில் பொன்னாடை. எதிர்வீட்டு வாசலுக்குத் தில்லையம்மாள் வந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்கு ஏதோ பார்சல் கொண்டுவந்திருந்த அந்தோணியும் நின்றார்.

"அம்மா, நடந்தது நடந்துபோச்சு. அந்தத் துளை குத்தின அட்டைகளை மட்டும் எரிச்சிடுங்க. ராத்திரி முழுக்க யார் யாரோ கூப்பிட்டு வயசு கேக்கறாங்க."

"பயப்படாதீங்க," என்றாள் மஹாலட்சுமி. "உங்க தகவல் ரொம்பப் பத்திரமா இருக்குது. பதினோரு வீட்டுத் தறிக்குக் காப்பி குத்திக் குடுத்திருக்கேன். ஒரு வீட்ல எரிஞ்சாலும் பத்து வீட்ல இருக்கும்."

"அழிச்சிடுங்கம்மா. கை எடுத்துக் கும்புடறேன்."

"தாராளமா. அது உங்க உரிமை. அழிக்கச் சொல்றது நீங்கதானான்னு உறுதி பண்ணணும் இல்லியா? அட்டைய எடுங்க. கன்னத்துகிட்ட புடிங்க. பேரையும் தேதியையும் சத்தமா படிங்க."

உள்ளே ஜெயக்குமாரின் தறி நின்றது. பக்கத்து வீட்டில் நின்றது. அப்புறம் அதற்கடுத்த வீடு. யாரும் போய்ச் சொல்லாமலே தெருவின் கடைசிவரை ஒவ்வொன்றாக நின்று, ஜனங்கள் வாசலுக்கு வந்தார்கள். ஆனந்தகுமார் முணுமுணுத்தார்.

"காதுல வுழல," என்றாள் எதிர்வீட்டிலிருந்து தில்லையம்மாள். "இன்னொரு தபா."

மூன்று தடவை படித்தார். மூன்றாவது தடவை தெருக்கோடி வரைக்கும் கேட்டது. மஹாலட்சுமி தலையாட்டினாள்.

"சரி, அழிச்சிடறேன். அழிச்சதுக்கு அத்தாட்சியா ஒரு காப்பி மட்டும் ஏழு வருஷம் இருக்கும்."

ஆனந்தகுமார் பொன்னாடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். திரும்பிக் காருக்கு நடந்தார். முன்கண்ணாடியில், ஓட்டுகிறவர் முகத்துக்கு நேராக, அந்தோணி ஒரு பச்சை ஸ்டிக்கரை அழுத்தி ஒட்டி முடித்திருந்தார். ஐம்பத்திரண்டு என்று போட்டிருந்தது. அந்தப் பசை எதற்கும் உரிந்து வராது என்பது கம்பெனிக்கு நன்றாகவே தெரியும்.

"தறிய ஓட்டுங்கபா," என்று ஜெயக்குமார் தெருவுக்குக் குரல் கொடுத்தான்.

தன் கதவிலிருந்த ஸ்டிக்கரை மஹாலட்சுமி சுரண்டவில்லை. வெள்ளிக்கிழமை கதவைக் கழுவி மஞ்சள் குங்குமம் வைக்கும்போது அந்த ஐம்பதுக்கும் ஒரு பொட்டு வைத்தாள். தை பிறந்தது. பொங்கலன்று வழக்கம்போல தில்லையம்மாள் வந்து, வழக்கம்போல நடுக்கூடத்தில் நின்றாள். மஹாலட்சுமி அவளுக்கு எதிரே நிமிர்ந்து நின்றுகொண்டு, கதவைப் பார்த்தாள். தில்லையம்மாளும் கதவைப் பார்த்தாள். ஜெயக்குமார் செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

தில்லையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மெள்ளக் குனிந்து காலில் விழுந்தாள். எழுந்திரு என்று சொல்ல மஹாலட்சுமி அவசரப்படவில்லை. சொல்ல வேண்டிய புத்திமதி இருபத்தைந்து வருஷத்துக்கு இருந்தது.